முதல் கண்டென்சர் மைக் மக்கர் செய்கிறதா? புதிதாக இன்னொன்று வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கும்பகோணத்துப் பக்கம் வீட்டு மாடியில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ரூம் வைத்திருக்கிறேன். பாட வருகிறவர்களுக்குச் சமமாக, பையில் ஒரு மைக்கைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. "அண்ணே, மைக் போயிடுச்சு, வேற எது வாங்கலாம்?" என்பதுதான் முதல் கேள்வி. வாங்கி என் கேபிளில் மாட்டிப் பார்த்தால் பத்தில் ஏழெட்டு மைக் நன்றாகவே இருக்கும். கோளாறு கேபிளில் இருக்கும், இல்லையென்றால் கரண்ட்டில், ஈரத்தில், அவர்கள் வீட்டு ரூமில் இருக்கும். ஓர் அங்குல அகலச் சவ்வு வைத்த பெரிய கண்டென்சர் மைக் இது எல்லாவற்றையும் கேட்கும், கேட்டதை அப்படியே பதிந்தும் வைக்கும்.

அதனால் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போய்விடுங்கள், ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாததை முதலில் பாருங்கள். இன்னும் வாங்கவே இல்லை என்பவர்களும் படிக்கலாம், எந்த மைக் உங்களுக்கு வேண்டாம் என்பது இதிலேயே தெரிந்துவிடும். கையில் ஒரு மல்டிமீட்டரும், நல்லதென்று உறுதியாகத் தெரிந்த ஓர் எக்ஸ்எல்ஆர் கேபிளும் (மூன்று பின் உள்ள மைக் கேபிள்) இருந்தால் போதும்.

அறிகுறி: சத்தமே வரவில்லை

இன்டர்ஃபேஸில் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) 48 வோல்ட் என்று போட்ட பட்டனை அழுத்தினீர்களா? இந்த வகை மைக்குக்கு அந்தக் கரண்ட் கேபிள் வழியாகத்தான் போகிறது. ஹெட்போன் வால்யூமைக் குறைத்துவிட்டு அழுத்துங்கள், இல்லையென்றால் காதில் 'டம்' என்று அடிக்கும். அழுத்தியபின் பத்துப் பதினைந்து விநாடி பொறுங்கள்.

விளக்கு எரிகிறது, அப்படியும் வரவில்லையா? கேபிளைப் பாருங்கள். இரண்டு முனையும் மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆராக இருக்க வேண்டும். ஒரு முனை கிட்டார் வயர் மாதிரி குச்சி ஜாக்காக இருந்தால் பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் 48 வோல்ட் அந்த வழியாகப் போகாது. அப்புறம் நல்ல கேபிளை மாட்டிப் பாருங்கள். என்னிடம் வந்த 'செத்துப்போன' மைக்குகளில் பாதி இந்த இடத்திலேயே உயிர் பெற்றுவிட்டன.

இதிலும் வரவில்லை என்றால் மீட்டரை எடுங்கள். டிசி 200 வோல்ட்டில் வைத்து, கேபிளின் மைக் பக்க முனையில் 1ஆம் துளைக்கும் 2ஆம் துளைக்கும் நடுவே பாருங்கள், பிறகு 1க்கும் 3க்கும். இரண்டிலும் 44 முதல் 52 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். ஒன்றில் மட்டும் இல்லையென்றால் பெரும்பாலும் கேபிளுக்குள் ஒரு வயர் அறுந்திருக்கிறது. இரண்டிலும் குறைவென்றால் இன்டர்ஃபேஸ் தருவதே குறைவு. லேப்டாப்பிலிருந்து யுஎஸ்பி ஹப் வழியாக மாட்டியிருந்தால் ஹப்பை எடுத்துவிட்டு நேராக மாட்டி இன்னொரு தடவை அளந்து பாருங்கள்.

மைக், ஸ்டாண்டு, குட்டி வயர் எல்லாம் ஒரே டப்பாவில் வரும் மலிவு செட் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வயரின் மறுமுனை செல்போன் ஜாக்காக இருந்தால் அதில் கிடைப்பது சில வோல்ட்தான். 48 வோல்ட் கேட்கும் மைக்கை அதில் மாட்டினால் ஒன்று பேசாது, அல்லது முனகும்.

வோல்டேஜ் சரி, கேபிள் சரி, இன்னொரு மைக் அதே இடத்தில் வேலை செய்கிறது, இது மட்டும் செய்யவில்லை என்றால் அது மைக் கோளாறுதான். சர்வீஸுக்குக் கொடுங்கள். வாரண்டி இருக்கிறபோது ஸ்க்ரூவைத் தொடவே தொடாதீர்கள்.

அறிகுறி: கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல மெலிதாகக் கேட்கிறது

ஓர் ஓதுவார், நல்ல சாரீரம், மூன்று நாளாகத் தேவாரம் பதிவு செய்து பார்த்துவிட்டு அலுத்துப்போய் வந்தார். பாடிக் காட்டுங்கள் என்றேன். கோயில் மைக் பழக்கத்தில், கண்டென்சரின் உச்சந்தலைக்கு நேரே வாயை வைத்துப் பாடினார். இந்த மைக்குகள் பக்கவாட்டில் கேட்பவை. மைக்கை நட்டமாக நிறுத்தி, அதன் முகத்துக்கு நேரே நின்று பாட வேண்டும். பெரும்பாலும் கம்பெனி பெயர் உள்ள பக்கம்தான் முகம். ரோட் கம்பெனி என்டி1 வகைகளில் முகப்பக்கத்தில் ஒரு பொன்னிறப் புள்ளி வைத்திருப்பார்கள். சந்தேகமாக இருந்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே மைக்கை மெதுவாக ஒரு சுற்றுத் திருப்புங்கள், எந்தப் பக்கம் குரல் கிட்டே வருகிறதோ அதுதான் முகம். ஓதுவார் ஐயா அப்படித் திருப்பிவிட்டு மறுபடி பாடியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

அது சரியாக இருந்தும் மெலிசாக இருந்தால், மைக்கின் முதுகில் சத்தத்தைக் குறைக்கும் மைனஸ் 10 என்று ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறதா, அது தவறுதலாகத் தள்ளப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கெயின், அதாவது மைக் சத்தத்தை ஏற்றி இறக்கும் இன்டர்ஃபேஸ் திருகு. சத்தமான அடியைப் பாடும்போது சாஃப்ட்வேர் மீட்டரில் மைனஸ் 12, மைனஸ் 10 வரை வந்தால் போதும்.

அறிகுறி: 'ஊம்ம்ம்' அல்லது 'ஜ்ஜ்ஜ்' என்று அடியில் ஓர் இரைச்சல்

நம் ஊரில் இதற்கு மைக்கைத் திட்டுவதில் அர்த்தமே இல்லை, பெரும்பாலும் வீட்டுக் கரண்ட்தான் காரணம்.

முதல் சோதனை: லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். இரைச்சல் உடனே நின்றுவிட்டதா? அப்படியானால் ரெக்கார்டிங் நேரத்தில் பேட்டரியிலேயே ஓட்டுங்கள், செலவு பூஜ்யம். சார்ஜர் மூன்று பின் உள்ளதாக இருந்தும் அதை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருந்தால் அந்த அடாப்டரைத் தூக்கிப் போடுங்கள்.

நிற்கவில்லையா? ஃபேன் ரெகுலேட்டரை அணையுங்கள், அப்புறம் எல்இடி விளக்கு, அப்புறம் டிவி. ஒவ்வொன்றாக. செல்போனை மைக், கேபிள் பக்கத்திலிருந்து நகர்த்துங்கள், விட்டு விட்டு 'டடக் டடக்' என்று வந்தால் அது போன்தான். மைக் கேபிளும் கரண்ட் வயரும் ஒன்றாகச் சுருட்டிக் கிடந்தால் பிரித்துப் போடுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் 'ஜ்ஜ்' வருகிறதா? ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். அந்த நேரத்தில் சுவரிலிருந்து எதையும் எடுக்காதீர்கள், லேப்டாப் பேட்டரியும் யுஎஸ்பியிலேயே ஓடும் இன்டர்ஃபேஸும் போதும்.

எல்லாம் செய்தும் நிற்கவில்லை, இன்டர்ஃபேஸின் உலோக உடம்பைத் தொட்டால் மட்டும் இரைச்சல் குறைகிறது என்றால் எர்த் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருக்கும், திறந்து பார்த்தால் மேல் துளைக்கு வயரே இருக்காது. சித்திரை, வைகாசியில் எர்த் குழி காய்ந்துபோய் இரைச்சல் ஏறிய வீட்டையும் பார்த்திருக்கிறேன், இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியதும் குறைந்தது. உங்கள் வீட்டில் குழி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அதைச் செய்து பாருங்கள்.

இங்கே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று அவரை அளக்கச் சொல்லுங்கள், இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போனால் அவர் பார்த்துச் சரிசெய்ய வேண்டிய விஷயம். எர்த் பின்னை வெட்டிவிட்டால் இரைச்சல் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, உலோக மைக்குக்கு உதட்டைக் கொடுத்துப் பாடப் போகிறவர் நீங்கள்.

அறிகுறி: ஐப்பசி, கார்த்திகையில் 'பட்… பட்… கிர்ர்' என்று வெடிக்கிறது

டெல்டாவில் எனக்கு வருகிற புகார்களில் பாதி இதுதான். சித்திரையில் வாங்கி ஆறு மாதம் தேன் மாதிரிப் பாடிய மைக், வடகிழக்குப் பருவமழை தொடங்கி வயல் எல்லாம் தண்ணீர் நின்றதும் அடுப்பில் கடுகு தாளிப்பதுபோல வெடிக்கும், சில நேரம் சத்தம் அப்படியே அமுங்கிப் போய்த் திரும்பி வரும். மைக்குள்ளே சவ்வைச் சுற்றி ஈரம் படிந்தால் இப்படித்தான் ஆகும்.

காசில்லாத வழி: 48 வோல்ட்டைப் போட்டு அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். லேசான ஈரமாக இருந்தால் அதிலேயே சரியாகிவிடும். ஏசி ரூமிலிருந்து வெளியே கொண்டுவந்த மைக் என்றால், உறையிலிருந்து எடுக்காமலே அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.

நிற்கவில்லையா? முறுக்கு வைக்கிற மாதிரி இறுக்கி மூடும் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல் 200 கிராம். நீல மணியாக வாங்குங்கள், ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாக மாறிக் காட்டிக்கொடுக்கும். ஜெல்லைத் துணிப்பையில் கட்டி மைக்கோடு வைத்து மூடி ஒரு நாள் முழுக்க விடுங்கள். என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை இதிலேயே எழுந்துகொண்டன. அடுத்த நாள் மணிகளைப் பாருங்கள், முழுக்க நிறம் மாறியிருந்தால் வாணலியில் சிறு தீயில் வறுத்துப் பழையபடி நீலமானதும் ஆறவைத்து மறுபடி போடுங்கள். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

செய்யக் கூடாத மூன்று. அரிசிக்குள் புதைக்காதீர்கள், தவிட்டுத் தூசி வலை வழியாக உள்ளே போய் உட்கார்ந்துவிடும், அது ஈரத்தைவிடப் பெரிய தொந்தரவு. ஹேர் டிரையர் வேண்டாம். வெயிலில் காயவைக்க வேண்டாம்.

இரண்டு நாள் டப்பாவில் இருந்தும் வெடிக்கிறதென்றால் சவ்வில் அழுக்கோ பூஞ்சையோ பிடித்திருக்கலாம். சவ்வைச் சுத்தம் செய்வது கைதேர்ந்தவர் வேலை. பஞ்சு பட்டாலே கிழியும். மலிவான மைக் என்றால் சர்வீஸ் செலவே மைக் விலையைத் தொட்டுவிடும், முதலில் எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

நாகை, வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் கேபிள் பின் கறுத்துப்போய் இதே மாதிரி கரகரக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிய துணியில் தொட்டுப் பின்னைத் துடைத்துவிட்டு, காய்ந்தபின் மாட்டுங்கள்.

வாங்கும்போது: ஜன்னல் திறந்த வீட்டில், வருடம் முழுக்க ஸ்டாண்டிலேயே நிற்கப் போகிறது என்றால் கண்டென்சர் வாங்காதீர்கள். ஒரு நல்ல டைனமிக் மைக் (மேடையில் கையில் பிடித்துப் பாடும் வகை) போதும், அது இந்த ஈரத்துக்கு அசைந்து கொடுக்காது. டப்பாவில் எடுத்து வைக்கும் பழக்கம் இருந்தால் மட்டும் கண்டென்சர்.

அறிகுறி: பாத்ரூமில் பாடியதுபோல இருக்கிறது

திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி மாசி மாதம் போன் செய்தான். தை மாதம் நன்றாக இருந்த மைக் இப்போது கூவுகிறது, எதையும் மாற்றவில்லை, அதே ரூம், அதே இடம், அதே மைக், ஈரம் பட்டுவிட்டதா என்று. ஈரம் என்றால் வெடிக்கும், கூவாது. ஒரு நாள் வழியில் இறங்கிப் பார்த்தேன். பத்துக்குப் பத்து ரூம், டைல்ஸ் தரை, ஒரு மேஜை, ஒரு ஸ்டாண்டு. கைதட்டினேன், 'டிர்ர்ங்' என்று சுவருக்குச் சுவர் ஓடியது. "தையில் இங்கே வேறு என்ன இருந்தது?" என்றேன். சம்பா அறுப்பு முடிந்து நெல் மூட்டை அடுக்கியிருந்தார்களாம், தோள் உயரத்துக்கு, மூன்று சுவரிலும். கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை போன நாளிலிருந்துதான் குரல் கெட்டுப்போயிருக்கிறது. ஒன்றரை அடி கனத்துக்குச் சாக்கும் நெல்லும் நின்ற சுவரைவிட நல்ல ஸ்டூடியோ சுவர் அவனுக்குக் கிடைத்திருக்காது.

ஆகவே கைதட்டல்தான் முதல் சோதனை. பாடும் இடத்தில் நின்று பலமாக ஒரு தட்டு. வால் மாதிரி ஒரு சத்தம் பின்னாலேயே வந்தால் எந்த மைக் மாற்றினாலும் இது போகாது. விலை உயர்ந்த மைக் இன்னும் தெளிவாக அதைப் பதியும்.

முதலில் மைக்குக்குக் கிட்டே வாருங்கள், ஒரு சாண் தூரம். இன்னும் நெருங்கினால் அடிக்குரல் வீங்கும். அப்புறம் ரூமின் நட்டநடுவில் நிற்காதீர்கள்.

அடுத்து இலவம் பஞ்சு மெத்தை. எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். எல்லாரும் மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். இந்த மைக்கின் முகம் உங்களைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரைத்தான் அது கேட்கிறது. மெத்தையை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள், இன்னொன்று இருந்தால் பக்கத்தில். தரையில் கனமான ஜமக்காளம். கோரைப்பாய் மெலிசு, அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. முட்டை அட்டையும் அப்படித்தான், மேல் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், கூவலை விட்டுவிடும்.

செலவு செய்யலாம் என்றால் நாலு அங்குல கனத்துக்கு ராக்வூல் (கல் நார்) பலகையை மரச்சட்டத்தில் அடித்துத் துணி போர்த்துங்கள், ஊர் ஆசாரியே செய்துவிடுவார். இதற்கு மேல் ரூம் கட்டுகிறவர்களைக் கூப்பிடுவது காசு வாங்கி அடுத்தவர்களுக்குப் பதிவு செய்துதரப் போகிறீர்கள் என்றால் மட்டும்.

அறிகுறி: யாரும் பேசாதபோது 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு காற்று

ஃபேன், பம்புசெட், மழை பெய்த ராத்திரியின் தவளை இவையெல்லாம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். மைக்கை ரஜாயில் நன்றாகச் சுற்றி பீரோவுக்குள் வைத்து ஒரு நிமிடம் பதியுங்கள். 'ஸ்ஸ்' குறைந்தால் அது உங்கள் ரூம். அப்படியே இருந்தால் மைக் அல்லது இன்டர்ஃபேஸ். இரவல் மைக் ஒன்றை மாட்டினால் எது என்று தெரிந்துவிடும்.

வாங்கும்போது அட்டைப்பெட்டியில் 'செல்ஃப் நாய்ஸ்' (மைக் தானே எழுப்பும் இரைச்சல்) என்ற எண்ணைப் பாருங்கள், சிறிதாக இருந்தால் நல்லது. ரோட் என்டி1-ஏ 5 டெசிபெல், ஆடியோ டெக்னிகா ஏடி2035 12 டெசிபெல், அதன் தம்பி ஏடி2020 20 டெசிபெல் (இதன் சவ்வு அளவிலும் சிறியது, 16 மில்லிமீட்டர்). வீணை, தம்பூரா, மெதுவாகக் கதை சொல்லும் குரல் என்றால் இந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுங்கள். தொண்டை திறந்து பாடுகிறவருக்கு 20 ஒரு குறையே இல்லை, மிச்சக் காசில் மெத்தை வாங்கலாம்.

அறிகுறி: நாயனம், தவில் பதிந்தால் கிழிகிறது

மைக் தாங்கவில்லை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். மேலே சொன்ன என்டி1-ஏ 137 டெசிபெல் வரை தாங்கும், ஏடி2020 144 வரை தாங்கும். முதலில் கிழிவது இன்டர்ஃபேஸின் வாய்தான். கெயினை முழுக்கக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் சிவப்பு விளக்கு எரிந்தால் மைக்கின் மைனஸ் 10 சுவிட்ச், இன்டர்ஃபேஸில் 'பேட்' பட்டன் இருந்தால் அதுவும்.

அப்புறம் தூரம். அணசுக்கு (நாயனத்தின் அகன்ற கீழ்வாய்) நேரே மைக்கைக் காட்டாதீர்கள். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த பாரி நாயனத்தின் கனம் துளைகள் வழியாகவும்தான் வருகிறது, ஆறடி தள்ளி, வாசிப்பவரின் நெஞ்சு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்து நாயனத்தின் நடுவைப் பார்க்கத் திருப்பினால் சீவாளியின் (வாயில் வைத்து ஊதும் பகுதி) கூர்மையும் அணசின் கனமும் சேர்ந்து கிடைக்கும். சின்ன ரூம் இதற்கு ஆகாது. முற்றம் உள்ள வீடு யாரிடமாவது இருந்தால் அங்கே போய், தாழ்வாரத்தில் உட்காரவைத்துப் பதியுங்கள்.

எல்லாம் குறைத்தும், மெதுவாகப் பேசினால்கூடக் கிழிந்தால், அது சர்வீஸ் வேலை.

சின்னவை, சட்டென்று

'ப்பு', 'ப்பா' வரும் இடத்தில் 'டொப்' என்று காற்று அடித்தால் பாப் ஃபில்டர், மைக்குக்கு நாலு விரல் முன்னால். மைக்கைக் கொஞ்சம் ஓரமாகத் திருப்பினாலும் குறையும். 'ஸ', 'ஷ' சீறினால் மைக்கை வாய்க்கு மேலே தூக்கி மூக்கு உயரத்தில் வையுங்கள். ஹெட்போனில் உங்கள் குரல் இரண்டு தடவை கேட்டால் சாஃப்ட்வேரில் குரலைத் திருப்பிக் கேட்கவைக்கும் 'மானிட்டர்' வசதியை அணைத்துவிட்டு இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரை மட்டும் வையுங்கள்.

அறிகுறி: கோளாறு எதுவுமில்லை, குரல் மட்டும் பிடிக்கவில்லை

இங்கேதான் மைக்கை மாற்றுவது பற்றிப் பேசலாம். மலிவான கண்டென்சர்கள் பலவற்றில் மேல் ஸ்தாயி தூக்கலாக இருக்கும், கணீரென்ற பெண் குரலில் அது தகரம் மாதிரி உறைக்கும், அதே மைக் கனமான ஆண் குரலுக்குப் பளிச்சென்று பொருந்திவிடும். யூடியூபில் அடுத்தவர் குரலில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஸ்டூடியோ வைத்திருக்கும் யாரிடமாவது ஒரு நாள் இரவல் கேளுங்கள், வாடகைக்காவது எடுங்கள், உங்கள் ரூமில், உங்கள் மெத்தைக்கு முன்னால், அதே நாலு அடியைப் பழைய மைக்கிலும் புதிய மைக்கிலும் ஒரே சத்த அளவில் பதிந்து, மறுநாள் காலையில் எது எது என்று பார்க்காமல் கேளுங்கள்.

பழைய மைக் வாங்கப் போகிறீர்கள் என்றால் எங்கே வைத்திருந்தார் என்று முதலில் கேளுங்கள். வலையை முகர்ந்து பாருங்கள், பூஞ்சை வாடை தெரியும். பிறகு அவர் வீட்டிலேயே 48 வோல்ட்டைப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள். நடுவில் ஒரு 'பட்' கேட்டால்கூட, விலையைக் குறைக்கிறேன் என்று அவர் சொன்னாலும், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிடுங்கள்.